கரியாலூர் ஓட்டும் 176-ம்

176. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வச்சுக்கோங்க. கட்டுரை முழுக்க இதைச் சுத்தியேதான் வரப்போகுது.

கல்வராயன் மலை மேலே கரியாலூரில் இருக்கும் ஒரு வாக்காளருக்கு, இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன பங்கு இருக்கு? நேரடியா ஒண்ணும் இல்ல. அவர் பட்டன் அமுக்குற எந்த மெஷினிலும் குடியரசுத் தலைவர் வேட்பாளர் பெயர் வராது. அவருடைய பங்கு இரண்டு சீட்டுகள் வழியாகப் போகுது. ஒன்று, சங்கராபுரம் தொகுதி எம்.எல்.ஏ. சென்னையில் போடும் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு. அதன் மதிப்பு 176. இன்னொன்று, கள்ளக்குறிச்சி எம்.பி. போடும் பச்சை வாக்குச்சீட்டு. 2022 தேர்தலில் அதன் மதிப்பு 700.

ஏன் 176? ஏன் 175 இல்லை, 200 இல்லை? இதைப் புரிஞ்சுக்கிட்டா தொகுதி மறுவரையறை பற்றி இப்போ நடக்கிற சண்டையில் யாருமே பெருசா பேசாத ஒரு பகுதி புரியும். அதுக்கு முன்னாடி அமெரிக்கா வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வரணும். அங்க இரண்டு மாநிலங்கள் செய்யும் ஒரு காரியத்துக்கும் நம்ம சங்கராபுரம் எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் நெருங்கிய சொந்தம் இருக்கு.

ஒமாஹா என்ற ஒரு புள்ளி

அமெரிக்காவிலும் மக்கள் ஜனாதிபதியை நேரடியாத் தேர்ந்தெடுப்பதில்லை. மொத்தம் 538 எலெக்டர்கள். 270 வாங்கினவர் ஜனாதிபதி. ஒரு மாநிலத்துக்கு எத்தனை எலெக்டர் என்பது எளிய கணக்கு: அந்த மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எண்ணிக்கை, கூட செனட்டுக்கு 2. அதனால் குட்டி மாநிலமான வயோமிங்குக்கும் குறைஞ்சது 3 கிடைச்சிடும். கலிஃபோர்னியாவுக்கு 2024-ல் 54. இது போக தலைநகர் வாஷிங்டனுக்கு 3.

இந்த எலெக்டர்களை எப்படிப் பிரிப்பது என்பதை அவங்க அரசியல் சட்டம் மாநில சட்டமன்றத்தின் கையிலேயே விட்டிருக்கு. 48 மாநிலங்கள் எடுத்த முடிவு, மாநிலத்தில் ஒரு ஓட்டு கூடுதலா வாங்கினாலும் மொத்தமும் அவருக்கே. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் வேற வழி. மெய்ன் 1972 தேர்தலில் இருந்தும் நெப்ராஸ்கா 1992 தேர்தலில் இருந்தும் இப்படிச் செய்யுது: மாநிலம் முழுக்க ஜெயிச்சவருக்கு 2 எலெக்டர். மிச்சம் இருப்பதில் ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் ஒன்று, அந்தத் தொகுதியில் ஜெயிச்சவருக்கு. நம்ம மொழியில சொன்னா, ஒவ்வொரு லோக்சபா தொகுதிக்கும் ஒரு தனி எலெக்டர்.

நெப்ராஸ்கா குடியரசுக் கட்சியின் கோட்டை. ஆனா ஒமாஹா நகரம் இருக்கும் இரண்டாவது தொகுதி 2008-ல் ஒபாமாவுக்கும், 2020-ல் பைடனுக்கும், 2024-ல் கமலா ஹாரிஸுக்கும் தன் ஒரு எலெக்டரைக் கொடுத்தது. மெய்னில் தலைகீழ். மாநிலம் ஜனநாயகக் கட்சிப் பக்கம், அதன் இரண்டாவது தொகுதி மட்டும் 2016, 2020, 2024 மூணு தடவையும் டிரம்ப் பக்கம்.

ஒரு எலெக்டருக்கு இவ்ளோ அலட்டலான்னு நினைக்காதீங்க. 2024 செப்டம்பரில் நெப்ராஸ்கா சட்டத்தையே மாத்தணும்னு பெரிய அழுத்தம் வந்தது. காரணம் சாதாரணக் கூட்டல்தான். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூணும் ஹாரிஸுக்குப் போய், மற்ற போட்டி மாநிலங்கள் எல்லாம் டிரம்புக்குப் போனா, ஒமாஹா இருந்தா ஹாரிஸுக்கு சரியா 270. ஒமாஹா இல்லைன்னா 269-269. சட்டத்தை மாத்த மைக் மெக்டோனெல் என்ற மாநில செனட்டரின் ஆதரவு தேவைப்பட்டது. அவர் முடியாதுன்னுட்டார். கடைசியில் டிரம்ப் 312-226 என்று ஜெயிச்சதால் அந்த ஒரு எலெக்டர் தேவைப்படவே இல்லை என்பது வேற விஷயம்.

மேலோட்டமாப் பார்த்தா தொகுதிவாரி முறை ரொம்ப நியாயமாத் தெரியும். மாநிலத்தில் 49 சதவீதம் வாங்கினவர் வெறுங்கையோட போக வேண்டாம் இல்லையா? நானும் முதல்ல படிச்சப்போ எல்லா மாநிலமும் ஏன் இதைச் செய்யலன்னுதான் யோசிச்சேன். ஆனா 2012 கணக்கைப் போட்டுப் பாருங்க. அந்தத் தேர்தலில் ஒபாமா 332, ராம்னி 206. மக்கள் ஓட்டிலும் ஒபாமா கிட்டத்தட்ட 4 சதவீதம் முன்னாடி. இப்போ 50 மாநிலத்துக்கும் மெய்ன் விதியைப் போடுங்க. ராம்னி முந்தியிருந்த காங்கிரஸ் தொகுதிகள் 226, மாநிலங்கள் 24. 226 கூட்டல் 48, மொத்தம் 274. ராம்னி ஜனாதிபதி!

எப்படி? தொகுதிக் கோடுதான் காரணம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் தொகுதி எல்லையை வரைவது மாநில சட்டமன்றமே, அதாவது அங்கே ஆளும் கட்சியே. எதிர்க்கட்சி ஆதரவாளர்களை ஒண்ணு ரெண்டு தொகுதிக்குள் அடைச்சுடுவாங்க, இல்லைன்னா பல தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாத் தூவிடுவாங்க. 2012-ல் பென்சில்வேனியாவில் ஒபாமா ஜெயிச்சார். அதே நாளில் அதே மாநிலத்தில் பிரதிநிதிகள் சபையின் 18 இடத்தில் 13 குடியரசுக் கட்சிக்குப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2011-ல், இதே பென்சில்வேனியாவில் எலெக்டர்களைத் தொகுதிவாரியாப் பிரிக்கலாம்னு குடியரசுக் கட்சித் தலைவர் ஒருத்தர் யோசனை சொல்லியிருந்தார். நிறைவேறல. ஆனா ஏன் சொன்னார்னு இப்போ புரியுதா? தனக்குச் சாதகமில்லாத மாநிலத்தில் மட்டும் தொகுதிவாரி முறை கேட்பது, தன் கோட்டையில் மட்டும் மொத்தமா எடுத்துக்கறது. எந்தக் கட்சி செய்தாலும் அதுக்குப் பேர் சீர்திருத்தம் இல்லை.

நாம எந்த வகை?

இப்போ நம்ம பக்கம் வரலாம். அரசியல் சட்டத்தின் 54-வது பிரிவு யார் ஓட்டுப் போடலாம்னு சொல்லுது: நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாநில சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களும் உண்டு. நியமன உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. இளையராஜா ராஜ்யசபா எம்.பி.தான், ஆனா நியமனம் என்பதால் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. அதே அவையில் இருக்கும், எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுத்து அனுப்பின எம்.பி.க்கு உண்டு.

55-வது பிரிவுதான் கணக்கு. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகு, வந்ததை 1000-ஆல் வகு, மீதி 500-க்குக் குறையாம இருந்தா ஒண்ணு கூட்டு. நம்ம முதல் செமஸ்டர் சி புரோகிராம் மாதிரி இருக்கு இல்ல? ரவுண்டிங் விதியோட சேர்த்தே அரசியல் சட்டத்தில் எழுதி வச்சிருக்காங்க. போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. எம்.எல்.ஏ.க்கள் 234. வகுத்தா கிட்டத்தட்ட 1,76,065. 1000-ஆல் வகுத்தா 176, மீதி 65. மீதியை விட்டுடலாம். சிக்கிமுக்கு 2,09,843 பேர், 32 எம்.எல்.ஏ. வருவது 6.56. ரவுண்ட் பண்ணா 7. உத்தரப்பிரதேசம் 208, நாட்டிலேயே அதிகம். நமக்கும் ஜார்கண்டுக்கும் மட்டும் சரியா ஒரே 176.

எல்லா எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்பையும் கூட்டி, அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள் எண்ணிக்கையால் வகுத்தா எம்.பி. ஓட்டின் மதிப்பு. 2022-ல் 5,43,231 வகுத்தல் 776. அதாவது 700. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டு, நாடாளுமன்றம் ஒரு தட்டு, இரண்டும் சமமா நிக்கணும் என்பதுதான் நோக்கம். 2017-ல் இந்த மதிப்பு 708. ஜம்மு காஷ்மீரில் 2022-ல் சட்டமன்றம் இல்லாததால் அந்தத் தட்டில் எடை குறைஞ்சு, இந்தத் தட்டிலும் 8 குறைஞ்சது. காஷ்மீரில் சட்டமன்றம் இல்லைன்னா கள்ளக்குறிச்சி எம்.பி. ஓட்டின் மதிப்பு குறையும். கேட்க விசித்திரமா இருக்கும், ஆனா சூத்திரம் அப்படித்தான்.

இப்போ கேள்விக்கு வருவோம். நாம மெய்ன் வகையா, கலிஃபோர்னியா வகையா?

நாம மெய்ன் வகைக்குத்தான் பக்கம். சொல்லப்போனா மெய்னை விடவும் தீவிரம். தமிழ்நாட்டின் மொத்த மதிப்பு 41,184. அதை 234 சம பங்காக்கி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதி கையிலும் ஒரு பங்கு கொடுத்தாச்சு. ஆளும் கட்சிக்கு மொத்தமும் போகாது. எந்த மாநிலமும் இதைத் தனக்குப் பிடிச்ச மாதிரி மாத்தவும் முடியாது, ஏன்னா விதி 55-வது பிரிவில் இருக்கு, மாநிலச் சட்டத்தில் இல்லை. நெப்ராஸ்காவில் நடந்த மாதிரி தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னாடி விதியை மாத்தும் விளையாட்டு இங்க செல்லாது. இந்த ஒரு விஷயத்தில் நம்மாட்கள் நல்லா யோசிச்சிருக்காங்கன்னுதான் சொல்வேன்.

2022-ல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களில் யஷ்வந்த் சின்ஹாவுக்கு 158 பேர், திரௌபதி முர்முவுக்கு 75 பேர், செல்லாத ஓட்டு 1. மதிப்பில் சின்ஹாவுக்கு 27,808, முர்முவுக்கு 13,200. கலிஃபோர்னியா மாதிரி இருந்திருந்தா சின்ஹாவுக்கு மொத்தம் 41,184, முர்முவுக்குப் பூஜ்யம். (முர்மு எப்படியும் ஜெயிச்சிருப்பார். அவர் வாங்கினது 6,76,803, சின்ஹா 3,80,177.)

இன்னொரு முக்கிய வித்தியாசம், ரகசியம். அமெரிக்க எலெக்டர் என்பவர் பெரும்பாலும் கட்சி நியமிச்ச ஒரு தபால்காரர். 2020-ல் அவங்க உச்ச நீதிமன்றமே, சொன்னவருக்கு ஓட்டுப் போடாத எலெக்டரை மாநிலம் தண்டிக்கலாம்னு சொல்லிடுச்சு. இங்க ரகசிய ஓட்டு, கொறடா உத்தரவு செல்லாது. 1969-ல் இது வெறும் ஏட்டு விதி இல்லன்னு தெரிஞ்சது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கன்னுட்டார். வி.வி.கிரி முதல் விருப்ப ஓட்டில் தேவையான அளவைத் தொடல. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்த பிறகு 4,20,077-க்கு 4,05,427 என்று ஜெயிச்சார். ஆமா, சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். அதுவும் தேர்தல் அதிகாரி தரும் ஊதா மை பேனாவில் மட்டும்.

ஒரே மலை, இரண்டு 176

கோடு எங்கே போகுது என்பதுதான் தொகுதிவாரி முறையின் உயிர். அதைப் பார்க்க பென்சில்வேனியா போக வேண்டாம், கரியாலூர் போதும்.

கச்சிராயபாளையம் வழியா மலை ஏறினா கரியாலூர், வெள்ளிமலை. இது கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதி. அதே மலையின் மேற்குப் பக்கம் கருமந்துறை. அது சேலம் மாவட்டம், ஏற்காடு தொகுதி. இரண்டு பக்கமும் பெரும்பாலும் வாழ்வது மலையாளி பழங்குடி மக்கள். (கேரளாக்காரங்க இல்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. ஹாஸ்டலில் இதை விளக்கியே பலருக்கு வாய் வலிச்சிருக்கும்.) இரண்டு பக்கமும் மரவள்ளி, சாமை, கடுக்காய்தான். ஆனா ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பதே இரண்டுதான், மற்றது சேந்தமங்கலம். சங்கராபுரம் பொதுத்தொகுதி. அங்கே சமவெளி ஊர்களின் வாக்காளர் எண்ணிக்கைக்கு முன்னாடி மலை வாக்காளர்கள் ஒரு ஓரம்.

அதாவது கருமந்துறைக்காரர் ஓட்டு, நிச்சயமா ஒரு பழங்குடி எம்.எல்.ஏ.வை அனுப்புது. சில கிலோமீட்டர் தள்ளி அதே சமூகத்தைச் சேர்ந்த கரியாலூர்க்காரர் ஓட்டுக்கு அந்த உறுதி இல்லை. சதி எதுவும் இல்லை இதில். கோடு மாவட்ட எல்லையைப் பின்பற்றிப் போயிருக்கு, அவ்ளோதான். மறுவரையறைச் சட்டமே நிர்வாக எல்லை, நில அமைப்பு, போக்குவரத்து வசதி எல்லாம் பார்க்கணும்னுதான் சொல்லுது. நம்ம நாட்டில் கோடு போடுவது ஆளும் கட்சி இல்லை, ஒரு தனி ஆணையம். 2002-ல் அமைஞ்ச ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். இருந்தாலும் நல்ல எண்ணத்தோட போட்ட கோடும் ஒரு மலையை இரண்டாக்கத்தான் செய்யுது.

இது குடியரசுத் தலைவர் தேர்தலில் எப்படித் தெரியும்? 2021-ல் சங்கராபுரத்தில் ஜெயிச்சது தி.மு.க. ஏற்காட்டில் அ.தி.மு.க. அடுத்த வருஷம் தி.மு.க. ஆதரவு சின்ஹாவுக்கு, அ.தி.மு.க. ஆதரவு முர்முவுக்கு. சீட்டு ரகசியம் என்பதால் எந்தத் தனி உறுப்பினர் யாருக்குப் போட்டார்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா கட்சி முடிவுப்படி பார்த்தா, நாட்டின் முதல் பழங்குடி குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் ஒரே மலையின் ஒரு 176 ஒரு பக்கமும் இன்னொரு 176 எதிர்ப்பக்கமும் போகும் நிலைமை. நெப்ராஸ்காவுக்கு ஒரு ஒமாஹான்னா நமக்கு ஊருக்கு ஊர் ஒமாஹா. இதில் இன்னொரு சுவாரசியம், இந்த இரண்டு சட்டமன்றத் தொகுதியும் ஒரே கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள்தான் வருது. எம்.எல்.ஏ. கணக்கில் பிரிஞ்ச மலை, எம்.பி. கணக்கில் சேர்ந்துடுது.

தொகுதி அளவு முக்கியம் என்பதுக்கு இது நல்ல உதாரணம். படத்தில் பிக்சல் குறைஞ்சா சின்ன விவரங்கள் மறையும் இல்லையா, அதே கதை. 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி சுமார் 47 சதவீத ஓட்டில் தமிழ்நாட்டின் 39 இடத்தையும் எடுத்தது. மெய்ன் விதியை அப்படியே இங்க போட்டிருந்தா 39 கூட்டல் 2, மொத்தம் 41-ம் ஒரே பக்கம். தொகுதிவாரியாப் பிரிச்சும் எதிர்த்தரப்புக்கு ஒண்ணும் கிடைக்கல. எதிர்க்கட்சிகள் அப்போ இரண்டு அணியாப் பிரிஞ்சு நின்னதும் ஒரு காரணம். 2021-ல் 234 பிக்சலில் பார்த்தப்போ 159-75 வந்தது. ஆனா அந்த 234-லும் நாம் தமிழர் கட்சிக்குப் போட்ட ஆறரை சதவீதத்துக்கும் மேலான ஓட்டுக்கு ஒரு இடமும் இல்லை, அதனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு புள்ளி மதிப்பும் இல்லை. தொகுதிவாரி முறையை விகிதாச்சார முறைன்னு நினைச்சுக் குழப்பிக்க வேண்டாம்.

அதே மாதிரி 176 எல்லாத் தொகுதிக்கும் ஒண்ணு என்பதும் கவனிக்க வேண்டியது. 2021-ல் சோழிங்கநல்லூரில் 6.9 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சென்னையிலேயே துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சத்துக்கும் குறைவு. இரண்டு எம்.எல்.ஏ.வுக்கும் அதே 176. ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே வாக்காளர் அட்டை மாத்தப்போற ஃபைனல் இயர் நண்பர்கள் இதை யோசிச்சுப் பார்க்கலாம்.

1971-ல் நின்ற கடிகாரம்

மேலே கணக்குப் போட்டப்போ 1971 மக்கள்தொகைன்னு சாதாரணமா எழுதிட்டுப் போனேன். நீங்களும் ஒண்ணும் கேட்கல. 2022 தேர்தலுக்கு எதுக்கு 51 வருஷப் பழைய கணக்கு?

1976-ல் 42-வது திருத்தம் இந்த எண்ணை 1971-லேயே உறைய வச்சது. 2000 வரைக்கும் என்று சொன்னாங்க. பிறகு 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை என்று நீட்டிச்சது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்ச மாநிலங்களுக்கு அதுவே தண்டனையா ஆகிடக் கூடாது என்பது காரணம். கரியாலூர் பக்கம் இருந்து பார்த்தா இதில் ஒரு விநோதம் உண்டு. 1976 வரைக்கும் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஆக இன்னைக்குச் சங்கராபுரம் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு இருக்கும் மதிப்பு, அந்த மலை ஜாகீராக இருந்த காலத்துத் தலைக்கணக்கில் இருந்து வருது.

மறுவரையறை என்றதும் எல்லாரும் பேசுவது லோக்சபா சீட் எத்தனை குறையும், எத்தனை கூடும் என்பதைத்தான். அது சரியான கவலைதான். ஆனா 55-வது பிரிவு தனியா ஓடும் ஒரு கணக்கு. ஒரு எம்.எல்.ஏ. மதிப்பு என்பது மக்கள்தொகை வகுத்தல் எம்.எல்.ஏ. எண்ணிக்கை. மாநிலத்தின் மொத்த மதிப்பு அதை மறுபடி எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் பெருக்கினது. மேலேயும் கீழேயும் அடிச்சிடுங்க. மிஞ்சுவது மக்கள்தொகை வகுத்தல் ஆயிரம், ரவுண்டிங் பிழை மட்டும் கொஞ்சம். அதாவது சட்டமன்றத்தில் 234 இருந்தாலும் 400 ஆக்கினாலும் தமிழ்நாட்டின் மொத்த எடை மாறாது. சீட் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டோம் என்று யார் எவ்வளவு உறுதி கொடுத்தாலும் அது இந்தத் தட்டைத் தொடாது. எடை மாறுவது எந்த வருஷக் கணக்கெடுப்பு என்பதில் மட்டும்தான்.

புதுக் கணக்கெடுப்பு எண்கள் கையில் இல்லாததால் 2011-ஐ வச்சு ஒத்திகை பார்க்கலாம். தமிழ்நாடு 7,21,47,030. 234-ஆலும் 1000-ஆலும் வகுத்தா 308. உத்தரப்பிரதேசம் 19,98,12,341, எம்.எல்.ஏ. 403. வருவது 496. இப்போ மொத்தம்: 1971 கணக்கில் உ.பி. 83,824, நாம 41,184. அவங்க நம்மைவிட 2.04 மடங்கு. 2011 கணக்கில் 1,99,888-க்கு 72,072. அதாவது 2.77 மடங்கு. நம்ம எண் 176-ல் இருந்து 308-ஆகக் கூடினதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், எல்லாருடையதும் கூடுது. பார்க்க வேண்டியது விகிதம். எம்.எல்.ஏ. தட்டின் மொத்தத்தில் 2022-ல் நம்ம பங்கு 7.6 சதவீதம். 2011 கணக்குக்கு மாறினா ஏறத்தாழ 6.

அதுக்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் நேர்மையாச் சொல்லணும். உ.பி.யில் இன்னைக்குப் பிறந்த குழந்தையைக் கணக்கிலேயே எடுக்காம 1971-ல் இருந்தவங்களை மட்டும் எண்ணுவது எந்த ஊர் சமத்துவம்? ஒரு ஆளுக்கு ஒரு மதிப்பு என்பதுதானே குடியரசு? இந்த வாதத்தை என்னால் அலட்சியமாத் தள்ள முடியல. ஆனா 55-வது பிரிவின் முதல் வரியைப் படிச்சா, அது தேடும் சமத்துவம் மாநிலங்களுக்குள் ஒரே அளவுகோல், மாநிலங்கள் மொத்தத்துக்கும் ஒன்றியத்துக்கும் நடுவில் சமநிலை. குடியரசுத் தலைவர் மாநிலங்களாலும் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றின மசோதாவை ஆளுநர் அனுப்பினா கடைசியில் கையெழுத்துக்குப் போவதும் அவர் மேசைக்குத்தான். அந்த மேசைக்கு யார் வரணும் என்பதில் ஒரு மாநிலத்தின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவது சும்மா எண் விளையாட்டு இல்லைன்னு நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் வயோமிங்குக்கு 3 எலெக்டர் கொடுப்பதும் இதே மாதிரி ஒரு சமரசம்தான். அவங்க அதை வெளிப்படையா செனட் இரண்டு என்று எழுதி வச்சிருக்காங்க. நாம 1971 என்ற உறைஞ்ச எண்ணுக்குள் அதை ஒளிச்சு வச்சிருக்கோம். உறைஞ்சது உருகும் நாள் வந்தா கையில் ஒண்ணும் இருக்காது. வெளிப்படையா எழுதின சமரசம்தான் நிலைக்கும் என்பது என் கருத்து.

அந்த நாள் எப்போ? 2025 ஜூனில் வந்த அறிவிக்கைப்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு தேதி 2027 மார்ச் 1. அதாவது 2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு இதுவே. திரௌபதி முர்மு பதவியேற்றது 2022 ஜூலை 25, ஐந்து வருஷப் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடியுது. தேர்தலுக்கு முன் கணக்கெடுப்பின் உரிய விவரங்கள் வெளியாகலைன்னா பழைய 176 இன்னொரு முறை ஓடும். வெளியாகிட்டா, 55-வது பிரிவின் விளக்கக் குறிப்பில் இருக்கும் 1971 அத்தோட முடிஞ்சது. அதுக்குத் தனியா மசோதா, விவாதம் எதுவும் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒண்ணு. கேரளா 1971-ல் 2,13,47,375 பேர், 2011-ல் 3,34,06,061 பேர், எம்.எல்.ஏ.க்கள் 140. ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு இரண்டு கணக்கிலும் என்ன, உ.பி.யின் மொத்தம் கேரளாவின் மொத்தத்தைப் போல் எத்தனை மடங்கு? 152-ம் 239-ம் வரணும். மடங்கு 3.94-ல் இருந்து 5.97-க்குப் போகும். வரலைன்னா ரவுண்டிங்கை ஒருமுறை சரிபாருங்க, மீதி 500-க்கு மேல் வருவது இரண்டாவது கணக்கில் மட்டும்தான்.